சங்கு முதலில், வெடி பிறகு

கயலுக்குக் காது கேட்கவில்லை என்று முதலில் சொன்னவரோடு நான் சண்டை போட்டேன். அவர் எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர், நல்ல மனுஷி. "வசந்தி, பாப்பாவுக்குப் பின்னால நின்னு தட்டத் தட்டிப் பாத்தேன், திரும்பவே இல்ல. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடேன்" என்று தணிந்த குரலில்தான் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! "எங்க வூட்டுக்கு வந்து பாருங்க டீச்சர். குவாரியில வெடி வச்சா எம்பொண்ணு எப்படி நிமிந்து பாக்குறான்னு பாத்துட்டு அப்பறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது வெறும் வீம்பு இல்லை. எங்களிடம் ஆதாரம் இருந்தது. எங்கள் ஊர் அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதியத்தில் முதலில் எச்சரிக்கைச் சங்கு ஊதுவார்கள். ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு எல்லோரும் தள்ளிப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெடி வெடிக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும் கயல் அந்த நொடியே தலையைத் தூக்கிக் குவாரிப் பக்கம் பார்ப்பாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேலே தூக்கிக் காட்டுவாள். வெடி என்று அதற்கு அர்த்தம். இதைத் தெருவே பார்த்துச் சிரித்திருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்குக் காது கேட்காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பேச்சு வராததற்கும் எங்களிடம் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் குமரேசன் அந்தக் குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா சுமதி அண்ணிதான் அடிக்கடி சொல்வார்: "அப்பன மாதிரியே அழுத்தக்காரி. பேசுறப்ப பேசுவா, விடு." நானோ இதற்கு நேர்மாறு. ஆண்டிமடத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து என் குரல் மூன்றாவது தெருவரைக்கும் கேட்கிறது என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அம்மா பேசுவதில் பாதி வந்தால்கூட கயல் பிழைத்துக்கொள்வாள் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அன்று சாயங்காலம் டீச்சரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். குமரேசன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "நாளைக்குப் போயிட்டு வருவோம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் வாதாட எதுவும் இருக்காது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் முதல் சோதனை சீக்கிரம் முடிந்தது. காதுக்குள் சின்னத் தக்கை போல ஒன்றை வைத்தார்கள். அது மெல்லிய ஒலியை உள்ளே அனுப்பும். உள்காது நன்றாக இருந்தால் ஓர் எதிரொலி திரும்பி வரும். கயலின் இரண்டு காதுகளிலிருந்தும் எதுவும் திரும்பி வரவில்லை. அடுத்த சோதனைக்குப் பெயர் பெரா. காதில் விழும் ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டுவார்கள், பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். தூக்க மருந்தைக் குடித்துவிட்டு இவள் வராந்தாவெல்லாம் ஓடினாள். நான் பாடினேன், ஆட்டினேன், மிரட்டினேன். கடைசியில் அப்பா தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். என் பாட்டு எதுவும் அவளுக்குள் போயிருக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முடிவைச் சொன்ன ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் பார்க்கும் நிபுணர், சின்ன வயதுக்காரர். இரண்டு காதிலும் மிகக் கடுமையான குறைபாடு என்றார். நான் விடவில்லை. வெடிக் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வெடிக்கிறப்ப தரை அதிருமாம்மா?"

"நல்லா அதிரும் சார். பாத்திரமெல்லாம் ஆடும்."

"அதுக்கு முன்னால சங்கு ஊதுவாங்கல்ல. அதுக்கு என்னிக்காவது நிமிந்து பாத்துருக்காளா?"

அந்தச் சங்கு இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும். தூங்குகிற மாடுகூட எழுந்துகொள்ளும். கயல் அதற்குத் தலையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. அவள் வெடியைக் காலால் கேட்டிருக்கிறாள், உட்கார்ந்திருந்த தரையால் கேட்டிருக்கிறாள். குமரேசன்தான் "இல்ல சார்" என்றார்.

பிறகு அந்த ஆடியாலஜிஸ்ட் பொறுமையாக விளக்கினார். எல்லாக் குழந்தைகளும் முதலில் 'ங்கா', 'ம்மா' என்று மழலை பேசும், காது கேட்காத குழந்தையும் பேசும். ஆனால் தன் குரலைத் தானே கேட்டால்தான் அது வளரும். கேட்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும். யோசித்துப் பார்த்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது கயல் எவ்வளவு சத்தம் போட்டாள்! எப்போது நின்றது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. "மூளை பேச்சப் புடிச்சிக்கிற காலம் இந்தச் சின்ன வயசுதாம்மா. தள்ளிப் போகப் போக கஷ்டம்" என்றார். அவளுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இந்த ஒரே பயம்தான். நாங்கள் தாமதித்துவிட்டோமா? இவள் பேசுவாளா?

முதலில் காது மெஷின் மாட்டிப் பார்த்தார்கள். அது ஒலியைப் பெரிதாக்கித்தான் கொடுக்கும். உள்காது வேலை செய்யாவிட்டால் பெரிதாக்கியும் பிரயோசனம் இல்லை. சில மாதம் பார்த்துவிட்டு காக்ளியர் இம்ப்ளான்ட் என்று முடிவானது. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பியை உள்காதில் நத்தை ஓடு போல இருக்கும் சுருளுக்குள் செலுத்துவார்கள். வெளியே காதில் மாட்டும் இன்னொரு பகுதி ஒலியைப் பிடித்து, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதற்கு அனுப்பும். அந்தக் கம்பி நேராக நரம்பைத் தூண்டும். கருவியின் விலையைக் கேட்டு நான் மயக்கம் போடாத குறைதான். அரசுக் காப்பீட்டில் வந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பஸ் செலவும் குமரேசன் லாரிக்குப் போகாத நாட்களும்தான் எங்கள் தலையில் விழுந்தன. அதற்குச் சுமதி அண்ணி சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் திணித்துவிட்டு, நான் பேச ஆரம்பிப்பதற்குள் ஓடிவிட்டார்.

தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் ஏலாக்குறிச்சியிலிருந்து வந்த ஆரோக்கியமேரி. அவள் மகனுக்கு முந்தின நாள்தான் இதே ஆபரேஷன் ஆகியிருந்தது, தலையில் பெரிய கட்டோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். "பாத்துக்கங்க அக்கா, நேத்து இவனுக்கு நான் அழுத அழுகை, இன்னிக்கு இவன் பலூன் கேட்டு அழுவுறான்" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு மருந்தாக இருந்தது. ஆண்டிமடத்திலிருந்து என் தம்பி முந்திரிப் பருப்பு ஒரு பை கொண்டுவந்து வார்டு முழுக்க விநியோகம் செய்து, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த நர்ஸ் டூட்டி முடிந்து போகும்போது ஒரு பிடி எடுத்துக்கொண்டுதான் போனார்.

ஆபரேஷனுக்கு முன்னால் காதுக்குப் பின்புறம் முடியை மழிக்க வந்தார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட முடி அது, முதல் மொட்டையே இன்னும் போடவில்லை. எங்களோடு வந்திருந்த அண்ணி பதறிப்போவார் என்று நினைத்தேன். அவரோ மழிக்கிறவரிடம் ஒரு மஞ்சள் துணியை நீட்டினார். "இதுல போடுங்க தம்பி. சாமிக்கி இத இப்ப குடுக்கறோம், மிச்சத்தப் பொறவு குடுக்கறோம். அதுக்குத் தெரியாதா என்ன?" விழுந்த முடியை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கையெழுத்து வாங்கும்போது டாக்டர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்கு மிக அருகில் ஓடுகிறதாம், அதில் படாமல் செய்ய வேண்டுமாம். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க எனக்கு அந்த நரம்பு ஒன்றுதான் ஞாபகம். குமரேசன் தியேட்டர் கதவுக்கு எதிரே நின்றவர் உட்காரவே இல்லை. வெளியே கொண்டுவந்தபோது கயல் மயக்கம் தெளிந்து அழ ஆரம்பித்திருந்தாள். நான் அவள் வாயையே பார்த்தேன். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் சமமா அழுவுறா பாருங்கம்மா, கோணல் இல்ல" என்றார். பிள்ளை அழுவதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

காயம் ஆறின பிறகு, வெளிப்பகுதியை மாட்டி ஒலியைத் திறந்துவிட ஒரு நாள் குறித்தார்கள். அன்று இவள் 'அம்மா' என்று கூப்பிடப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கயல் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்கள். மெல்லுவதை நிறுத்தினாள். கண்கள் பெரிதாயின. உதடு நடுங்கியது. அப்புறம் ஓவென்று அழுது, அப்பா காலைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டாள். நானும் அழுதேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளைக்குக் கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பயிற்சிக்குப் பெரம்பலூருக்குப் போகச் சொன்னார்கள். அங்கேதான் ஷர்மிளா மேடம். பேச்சுப் பயிற்சியாளர், என்னைவிட வயதில் சின்னவர். முதல் நாளே நான் குறைபட்டுக்கொண்டேன், இவ்வளவு செய்தும் ஒரு வார்த்தை வரவில்லையே என்று. அவர் கேட்டார்: "பொறந்த கொழந்த அன்னிக்கே பேசுமா? இவ காது இப்பத்தான் பொறந்துருக்கு. எல்லாக் கொழந்தையும் ஒரு வருஷம் கேட்டுட்டுத்தான் பேசுது. இவளுக்கும் அந்த வருஷத்தக் குடுங்க." அன்றிலிருந்து கயலின் வயதுக்கு எங்களிடம் இரண்டு கணக்கு, பிறந்த நாளிலிருந்து ஒரு கணக்கு, கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கணக்கு.

அந்த அறையில் நடந்ததைப் பார்த்தால் விளையாட்டு போலத்தான் இருக்கும். ஷர்மிளா மேடம் பிள்ளைக்கு எதிரே உட்கார மாட்டார், கருவி இருக்கும் பக்கம் அருகில் உட்காருவார். எதிரே இருந்தால் பிள்ளை உதட்டைப் பார்க்கும், காதைத் தேடாது. கயல் ஒரு முந்திரியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், பின்னால் மேளம் தட்டினால் டப்பாவில் போட வேண்டும். முதல் வாரம் அவள் மேளம் தட்டினாலும் தட்டாவிட்டாலும் வாயில்தான் போட்டாள். பிறகு மேளம் கேட்டது, மணி கேட்டது. ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைத் தினமும் காலையில் சொல்லிப் பார்க்கச் சொன்னார். தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலிவரை எல்லாம் கேட்கிறதா, கருவி சரியாக இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நாங்கள் கையால் காட்டும் சைகைகளை விட்டுவிட வேண்டுமோ என்று கேட்டேன். "அதெல்லாம் உங்க மூணு பேரு பாஷை, அத ஏன் தூக்கிப் போடணும்? முதல்ல சொல்லுங்க, கேக்கட்டும். அப்பறம் காட்டுங்க" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தேன்: "வூட்டுல எந்நேரமும் அவகிட்ட பேசிக்கிட்டே இருக்கணும்." என்னைப் பேசச் சொன்ன முதல் ஆள்! விடுவேனா? வெங்காயம் உரித்தால் பேசினேன், துணி துவைத்தால் பேசினேன், பஸ்ஸில் பேசினேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

மாதங்கள் போயின. கயல் கூப்பிட்டால் திரும்பினாள். செருப்பைக் கொண்டு வா என்றால் கொண்டுவந்தாள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை, பேச்சு மட்டும் வரவில்லை. காத்திருக்கும் அறையில் மற்ற பிள்ளைகள் 'பா', 'மா' என்பதைக் கேட்கும்போது அந்தப் பழைய பயம் திரும்ப வந்தது. ஒரு நாள் ஷர்மிளா மேடம், நானும் கயலும் விளையாடுவதைப் போனில் படம் எடுத்து எனக்கே காட்டினார். படத்தில் நான் கேட்கிறேன்: "இது என்ன? பூனை. பூனை எப்படிக் கத்தும்? மியாவ். பூனைக்கு என்ன வேணும்? பால் வேணும்." மேடம் படத்தை நிறுத்தினார்.

"இங்க பாருங்க வசந்தி. கயல் வாயத் தொறக்குறா. நீங்க பதில் சொல்லிடறீங்க. மறுபடி தொறக்குறா. நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க. முந்திரிக்கொட்டை மாதிரி நீங்களே முந்திக்கிட்டா அவ எப்பத்தான் பேசுவா?"

முந்திரி விளையும் ஆண்டிமடத்துக்காரியை முந்திரிக்கொட்டை என்று சொன்னால் கோபம்கூட வராது. ஆனால் அந்தப் படத்தில் பிள்ளையின் வாய் திறந்து திறந்து மூடியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இனிமேல் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள் என்றார். முயன்றேன். என்னால் முடியவில்லை. மௌனம் வந்தால் எனக்கு எங்கேயோ அரிக்க ஆரம்பித்துவிடும்.

"அப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம். லாரி ரிப்பேருக்கு ஷெட்டில் நின்ற ஒரு நாளில் குமரேசன் வந்தார். பொம்மை லாரியை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை, எப்போதும் இருப்பதுபோல்தான் இருந்தார். "லாரி... போவுது" என்றார். நிறுத்திவிட்டார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. நான் வாயைத் திறக்கப் போனேன், மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கயல் லாரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரப்படவே இல்லை, இன்னும் ஒரு மணி நேரம்கூட அப்படியே உட்கார்ந்திருப்பார்.

"ஓ... உது" என்றாள் கயல்.

"ஆமா. போவுது" என்றார் அவர், தினமும் கேட்கிற வார்த்தை போல. திரும்பவும் மௌனம். "ஓவுது" என்றாள், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

எனக்கு அழுகை வந்தது. அதில் சந்தோஷத்தோடு பொறாமையும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எதை நினைத்து இந்த மனுஷனிடம் சண்டை போட்டேனோ, அதுதான் என் பிள்ளைக்குப் பேச இடம் கொடுத்தது. அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அவரும் அதோடு விடவில்லை. லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்ததும், "சட்டையக் கழட்டுறேன். ஆணியில மாட்டுறேன்" என்று மகளுக்குச் சொல்லச் சொல்ல, மதில் பக்கம் நின்று அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார். எந்த ரோட்டில் பள்ளம், யாரோடு டீ குடித்தார் என்பதெல்லாம் கயலுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே தெரியவந்தது.

வார்த்தைகள் மெதுவாக வந்தன. முதலில் நெடில்கள், பிறகு ம, ப. உதட்டில் தெரியும் எழுத்துகள் சீக்கிரம் வரும். 'க' வாய்க்குள் பின்னால் பிறக்கிறது, கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். அதனால் வெகுநாள் தன் பெயரை 'யல்' என்றுதான் சொன்னாள். ஒரு நாள் பேட்டரி தீர்ந்து கருவி நின்றுபோனபோது, தானே அதைக் கழற்றி என்னிடம் நீட்டி, "கேக்கல" என்றாள். கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதிலும் இரண்டு 'க'வோடு. போனில் இதைச் சொன்னதும் ஷர்மிளா மேடம் அழுதுவிட்டார். இப்படி எத்தனை பிள்ளைகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் காத்திருக்கிறாரோ! இதையெல்லாம் எழுதச் சொன்னதும் அவர்தான். புதிதாக வந்து காத்திருக்கும் அறையில் அழுகிற அம்மாக்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். "நீங்க பேசுறதுல பாதிய எழுதுங்க, போதும்" என்றார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. சங்கு. கருவி மாட்டிய பிறகு அந்தச் சத்தம் அவள் காதில் விழாமல் இருக்காது. ஆனாலும் அவள் நிமிரவில்லை. பழையபடி தரை அதிர்ந்தால்தான் பார்த்தாள், கைகளை விரித்தாள். ஒலி காதில் விழுவது வேறு, அது இன்னது என்று தெரிவது வேறு என்று மேடம் சொல்லியிருந்தார். நான் தினமும் "கயல், சங்கு, சங்கு கேக்குதா?" என்று கத்துவேன், அவள் சங்கை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். "நீங்க சொல்லாதீங்க. அவளே கண்டுபிடிக்கட்டும்" என்றார் மேடம்.

போன வாரம் மதியம், மதில் ஓரமாக உட்கார்ந்து அண்ணியிடம் தண்ணீர் லாரிக்காரனைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். கயல் உள்ளே இருந்தாள். சங்கு ஊத ஆரம்பித்தது எனக்கே தெரியாது, அவ்வளவு பேச்சு. திடீரென்று அவள் ஓடிவந்து என் மடியில் ஏறினாள். ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கை விரலைத் தன் காதருகே வைத்தாள்.

"ஷ்... சங்கு."

என் பேச்சு அப்படியே நின்றது. சங்கு ஊதி ஓய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. குவாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தரை இன்னும் அதிரவில்லை, டம்ளர்கள் இன்னும் ஆடவில்லை.

"வெடி" என்றாள், முன்கூட்டியே. "அப்பா வெடி." அப்பா வேலை செய்கிற குவாரியின் வெடி அவளுக்கு அப்பாவின் வெடி.

அதற்குப் பிறகுதான் வெடித்தது. உள்ளே அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கின. கயல் சிரித்துக்கொண்டே என் வாயிலிருந்து கையை எடுத்தாள். நான் பேசவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள்.